ஜிடிவி6 எஞ்சினில் தீ: காப்பாற்றலாமா, விட்டுவிடலாமா?

வெருலம்வாசி:

டர்பன் பக்கம் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னுடையது 1984 ஆல்ஃபா ரோமியோ ஜிடிவி6 கார், 2.5 லிட்டர், இங்கே தென்னாப்பிரிக்காவில் பிரிட்ஸ் ஊர்த் தொழிற்சாலையில் கட்டியது. போன ஞாயிற்றுக்கிழமை டொங்காட்டிலிருந்து ஆர்102 சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தும்போது பெட்ரோல் வாடை. "என்னங்க இப்படி நாறுது?" என்று வீட்டம்மா கேட்டு முடிப்பதற்குள் பானட்டின் பின்விளிம்பிலிருந்து கரும்புகை. சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். கடைசி வரை திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமே. ஓடிய வேகத்திலேயே ஓரம் கட்டி, கரும்புச் சருகு இல்லாத மண்தரையாகப் பார்த்து நிறுத்தினேன். அவளை இறக்கித் தூரமாகப் போகச் சொன்னேன்.

சீட்டுக்கடியில் ஒரு கிலோ தீயணைப்பு பவுடர் சிலிண்டர் இருந்தது. பானட் கொக்கியை மட்டும் விடுவித்து, விரல் நுழையும் அந்த இடுக்கில் வைத்து அடித்தேன். தீ அமுங்கியது, மறுபடி எழுந்தது. பின்னால் வந்த கரும்பு லாரிக்காரர் ஒன்பது கிலோ சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அதே இடுக்கில் அடித்து முடித்தார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் கிளம்பியும் போய்விட்டார், மகராசன்.

எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கார்தான் பார்க்கச் சகிக்கவில்லை. பானட் நடுவில் கறுப்பு பிளாஸ்டிக் திமில் இருக்குமே, அது உருகி, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பெட்டியின் மேல் தோசை மாவு மாதிரி வழிந்து இறுகிக் கிடக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளிர்மஞ்சள் பவுடர். வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன.

இன்ஜெக்டர் குழாய்களைப் போன வருஷம்தான் ஒரு பட்டறையில் புதிதாக மாற்றினேன். பில் இருக்கிறது. இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் திருகு கிளிப், தோட்டக் குழாய்க்குப் போடுகிற ரகம். காப்பீட்டுக்காரர்கள் போனிலேயே "இது ரைட் ஆஃப்தான், பழுது பார்த்துக் கட்டுபடியாகாது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். காரைப் பார்க்க ஆள் இன்னும் வரவில்லை. "உயிர் தப்பினோம், அது போதும், விட்டுத் தள்ளுங்க" என்கிறாள் வீட்டம்மா. அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் கராஜ் கதவைத் திறந்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. என்ன செய்யட்டும்?

பீனிக்ஸ் பட்டறைக்காரன்:

தம்பி, நான் பட்டறையை மூடி வெகுநாளாகிறது, ஆனாலும் எரிந்த கார் நிறையப் பார்த்தவன். நீங்கள் செய்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. சாவியை அணைத்தீர்களே, அதுதான் காரைக் காப்பாற்றியது. உங்கள் காரில் இருப்பது போஷ் எல்-ஜெட்ரானிக் என்கிற பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு. எஞ்சின் காற்று இழுக்கிற வரைக்கும்தான் அதில் பெட்ரோல் பம்ப் ஓடும். ஓடுகிற எஞ்சினோடு பத்து விநாடி யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் 2.5 பார் அழுத்தத்தில் தீக்கு நீங்களே பெட்ரோல் ஊற்றியிருப்பீர்கள். பானட்டைத் தூக்காததும் சரி. தூக்கினால் காற்று உள்ளே பாயும், முகம் வெந்துவிடும்.

இப்போது உங்கள் எதிரி அந்த மஞ்சள் பவுடர். அவசரப்படுங்கள். ஏபிசி பவுடர் என்பது பெரும்பாலும் மோனோஅமோனியம் பாஸ்பேட். சூடான உலோகத்தில் பட்டால் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டும்; ஈரம் பட்டால் அமிலமாகும். நம் டர்பன் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அலுமினியத்தை அரிக்கும், வயர் முனைகளில் பச்சை பூக்கும். தீயில் தப்பிய கார் கராஜில் நின்றே செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எஞ்சினைக் கையால் சுழற்றிக்கூடப் பார்க்க வேண்டாம். பவுடர் உள்ளே போயிருந்தால் சிலிண்டர் சுவரை உப்புத்தாள் போட்டது போலத் தேய்த்துவிடும். முதலில் பேட்டரி கம்பியைக் கழற்றுங்கள். முகமூடி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேக்யூமால் உறிஞ்சுங்கள். கம்ப்ரஸர் காற்று அடிக்காதீர்கள், போகாத இடத்துக்கெல்லாம் போய்ச் சேரும். அப்புறம் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துணியால் ஒற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள். இன்டேக் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் முன்னாடியே மூடிக் கட்டிவிட வேண்டும். ரப்பர் சீல் உருகிக் கறுப்பாகப் பிசுபிசுத்தால் வெறும் கையால் தொடாதீர்கள். சிலவகை சீல் கடுஞ்சூட்டில் பொல்லாத அமிலம் விடும்.

எஞ்சின் பிழைக்குமா என்றால், என் கணிப்பில் பிழைக்கும். ஆல்ஃபா எஞ்சினியர் புஸ்ஸோ வரைந்த வி6 அது, சும்மாவா? தீ பிடித்தது வி-யின் நடுப்பள்ளத்தில், இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே. கசிந்த பெட்ரோல் அங்கேதான் தேங்கும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதனால் வளைந்திருக்கிறதா என்று கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். டைமிங் பெல்ட் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள், டென்ஷனரையும் சேர்த்து. வயரிங்கில் ஒட்டுப்போடுகிற வேலை கூடாது. செம்பு பளிச்சென்று தெரிகிற இடம் வரை வெட்டிப் புதிதாக இழுக்க வேண்டும். நல்ல சேதி ஒன்று: இந்தக் காரில் கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் பின்னால். செலவு வைக்கிற பாதிக் காரை தீ தொடவே இல்லை.

குழாய் விஷயம். எரியாமல் மிஞ்சிய துண்டு ஏதாவது இருந்தால் அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்7 என்றிருந்தால் அது அழுத்தம் கம்மியான கார்புரேட்டர் காருக்கானது, ஆர்9 இன்ஜெக்ஷனுக்கு. பிரிட்ஸில் கட்டிய 3.0 ஜிடிவி6 இருக்கிறதே, அது கார்புரேட்டர் கார்தான். அந்த நினைப்பில் மாட்டிவிட்டார்களோ என்னவோ. திருகு கிளிப்பின் பல் ரப்பரை அறுக்கும். அந்தத் துண்டைப் பத்திரமாக உறையில் போட்டு வையுங்கள்.

மாரிட்ஸ்பர்க் மைனர்:

நான் மாற்றுக் கட்சி. பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கார் பாருங்கள் சகோ. என் மச்சான் எரிந்த காரை எடுத்துக் கட்டினான். ஓடுகிறது, ஆனால் இன்றைக்கும் ரோபோவில், அதாவது சிக்னலில், நின்றால் பானட்டையே முறைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நிம்மதியில்லாத ஓட்டம் எதற்கு? அப்புறம், அடுத்த காரில் பவுடருக்குப் பதில் CO2 சிலிண்டர் வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கிற வேலையே இல்லை.

பீனிக்ஸ் பட்டறைக்காரன்:

CO2 கராஜுக்குள் நல்லது. ஆர்102-இல் கடல்காற்று அடிக்கிற நேரத்தில் அடித்துப் பாருங்கள், பாதி கரும்புக் காட்டுக்குத்தான் போகும். சூடான மேனிஃபோல்டில் தீ திரும்பப் பற்றவும் செய்யும். கழுவுகிற பாடு பெரிசுதான், ஆனால் கழுவுவதற்குக் கார் மிஞ்ச வேண்டுமே.

ஜோபர்க் கிளெய்ம்காரி:

அண்ணா, நான் காப்பீட்டில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பட்டறை ஐயா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். மதிப்பீட்டாளர் வரும் முன் பேட்டரி கம்பியைத் தவிர எதையும் கழற்றாதீர்கள். அதே சமயம் சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும். அதனால் "பவுடர் அரிக்கிறது, இன்ன தேதியில் சுத்தம் செய்யப்போகிறேன், அதற்கு முன் பார்க்க வருகிறீர்களா" என்று இன்றே மின்னஞ்சல் போடுங்கள். சுத்தம் செய்யும் முன் எல்லாப் பக்கமும் படம், வீடியோ. குழாய், கிளிப் கிட்டத்தில் தெரிய வேண்டும். பட்டறை மேல் வழக்கு என்று போனால் அந்தப் படங்கள்தான் பேசும்.

வண்டி அனுப்புகிறோம் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். அவர்கள் முற்றத்துக்குப் போன காரைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. பாலிசியை எடுத்து, முன்பே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பா, சந்தை மதிப்பா என்று பாருங்கள். சந்தை மதிப்பு என்றால் இதே மாதிரிக் கார்கள் விற்ற விலைகளைத் திரட்டிக் கொடுங்கள். ஜிடிவி6-ஐ ஏதோ நாற்பது வருஷப் பழைய வண்டி என்று கணக்கில் எழுதிவிடுவார்கள்.

காரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். எரிந்த காரின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: பதிவு எந்தக் கோடில் போகும்? கோட் 2, அதாவது சாதாரணமாக ஓடிய கார் என்ற பதிவு, அதில் நின்றால் கவலையில்லை. கோட் 3 என்றால் திரும்பக் கட்டிய கார். போலீஸ் கிளியரன்ஸ், ரோட்வொர்த்தி சான்று எல்லாம் வேண்டும், விற்கும்போது விலையும் விழும். கோட் 4 போட்டுவிட்டால் அது சாலைக்கே வராது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் முதலில் கம்பெனிக்கே புகார், பிறகு தேசிய நிதி ஒம்பட் திட்டம் என்கிற குறைதீர் அமைப்பு. 2024 மார்ச்சிலிருந்து காப்பீட்டுப் புகாரெல்லாம் அங்கேதான். அதற்குக் கட்டணம் கிடையாது.

வெருலம்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மின்னஞ்சல் போட்டாயிற்று, புதன்கிழமை மதிப்பீட்டாளர் வருகிறார். பாலிசி ஒப்புக்கொண்ட மதிப்புதான், பழைய கோப்பில் கிடைத்தது.

பட்டறை ஐயா, பின்பக்கக் குழாய் ஒன்றில் விரல் நீளத்துக்கு மிஞ்சியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். ஆர்7. கிளிப் இருந்த இடத்தில் வரிவரியாக வெட்டு. அதை வீட்டம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துண்டுக்கா அந்த பில்லு?" என்றாள். நேற்றுவரை விட்டுத் தள்ளச் சொன்னவள் இப்போது பட்டறைக்காரரைச் சும்மா விடக்கூடாது என்று நிற்கிறாள்.

மைனர் தம்பி, நீங்கள் சொன்னதும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோட் 2 என்று எழுத்தில் வந்தால் கட்டுவேன். கோட் 4 என்றால் பணத்தை வாங்கிக்கொள்வேன். நடுவில் வந்தால் என்ன செய்வேனோ தெரியாது. ஐயா, அந்த உருகிய திமிலைச் சுரண்டி எடுக்கலாமா, இல்லை அப்படியே விடவா?

பீனிக்ஸ் பட்டறைக்காரன்:

புதன்கிழமை வரை தொடாதீர்கள், அவர் அதைப் பார்த்தாக வேண்டும். அதற்கப்புறம் ஹீட் கன் வைத்து இளக்கி எடுக்கலாம், உளி வேண்டாம், பெட்டி அலுமினியம். ஆனால் அதற்கு முன்னால் குழாயில் தங்கியிருக்கும் பெட்ரோலை இறக்கியாக வேண்டும்; எஞ்சின் நின்ற பிறகும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் நிற்கும். அதைத் தனியாகச் செய்யாதீர்கள். வியாழக்கிழமை நானே வருகிறேன், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் கீசர் மாதிரி எதுவும் ஓடக் கூடாது. பேட்டரி கழற்றியாயிற்றா? அதைச் சொல்லவே இல்லையே.