மறுபதிப்பில் பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்களை வைக்கலாமா?

கேள்வி: 1950களில் அச்சான கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மறுபதிப்புக்காக வடிவமைத்து வருகிறேன். மூலத்தில் ணை, லை, னை ஆகியவை துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் உள்ளன. அவற்றை அப்படியே வைப்பதா, மாற்றுவதா?

பதில் 1: பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது, அதன் பிறகு பள்ளியில் எழுத்துப் பயின்றவர்கள் பழைய வடிவத்தில் தடுமாறுவார்கள் என்பதால், உள்பக்கங்களுக்குப் புதியதே பொருத்தம். அட்டைத் தலைப்பில் பழையதை வைத்தால் அழகாகவே இருக்கும்.

பதில் 2: கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் இரு வடிவங்களுக்கும் குறியீடு ஒன்றே என்பதால், உரையைத் திருத்தாமல் எழுத்துருவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். வரி இடைவெளிதான் பெரிய சிக்கல்: மேல்வரி ‘மூ’வின் கால் கீழ்வரி ‘கீ’யின் சுழியைத் தொடக்கூடாது, 11 புள்ளி (பாயிண்ட்) அளவுள்ள எழுத்துக்கு 16 புள்ளி வரி இடைவெளியில் தொடங்குங்கள்.

கேட்டவர்: நன்றி. அட்டைக்கு மட்டும் பழைய வடிவத்தை வைத்துக்கொள்கிறேன்.