பர்லியார் தாண்டினால் படுத்துவிடும் வண்டி: காயிலா, கண்டென்சரா?

நண்பர்களே, அப்பா விட்டுச்சென்ற 350 சிசி மோட்டார் சைக்கிள். 6 வோல்ட், காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். மேட்டுப்பாளையத்தில் ஒரே உதையில் கிளம்புகிறது. கல்லாறு வரை சமர்த்து. பர்லியார் தாண்டி, லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் குன்னூர் வந்து சேர்கிறது. அதற்குள் குரங்குகள் என் பையைச் சோதித்து முடித்திருக்கும்.

நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நீலமாகத் தெறிக்க வேண்டிய பொறி மஞ்சளாக மெலிந்து வருகிறது. பாயின்ட் (காயிலுக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) மூடியிருக்கும்போது பேட்டரியில் 6.2 வோல்ட், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் முனையில் 5.1தான். 12 வோல்ட் வண்டிக்கு ஒரு வோல்ட் இழப்பு பெரிதில்லை; இதற்கு அது ஆறில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, காயிலுக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி 50 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மின்தடை ஏறக்குறைய 20 சதவீதம் உயரும். அதனால் என் சந்தேகம் காயில் மேல். மெக்கானிக் அண்ணனோ, பாயின்ட்டோடு இணைந்த மின்தேக்கியான கண்டென்சர்தான் என்று அடித்துச் சொல்கிறார். பாயின்ட் இடைவெளி, பெட்ரோல் மூடியின் காற்றுத் துளை இரண்டையும் பார்த்தாயிற்று.

எதை முதலில் மாற்றுவது? பழைய சாவி சுவிட்சைத் தவிர்த்து, பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேரடிக் கம்பி இழுத்துச் சோதித்தவர்கள் உண்டா? 12 வோல்ட்டுக்கு மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள், மனம் வரவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நல்ல 6 வோல்ட் காயில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள்.