யூஎஸ்பியில் உபுண்டு திறக்கிறது, எஸ்எஸ்டி மட்டும் தெரியவில்லை

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் காபித் தோட்டக் கணக்குகளைப் பார்க்கும் என் அத்தானின் மடிக்கணினியில், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அதனுடன் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ முயல்கிறேன். நிறுவல் கோப்பைச் சேலத்தில் பதிவிறக்கி, கோப்பு சிதையவில்லை என்பதை உறுதிசெய்ய எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பென்டிரைவில் எழுதினேன்.

யூஎஸ்பியிலிருந்து உபுண்டு தடையின்றித் திறக்கிறது; வைஃபையும் வேலை செய்கிறது. ஆனால் நிறுவும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் உள்ளிருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பு வட்டு) பட்டியலில் வருவதே இல்லை; வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையும் பென்டிரைவைத் தவிர வேறு வட்டு எதையும் காட்டவில்லை. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டை அணைத்தும் பயனில்லை. கெர்னல் (உபுண்டுவின் மையப்பகுதி) பதிவுகளைத் துழாவியபோது, பயாஸை (கணினியின் அடிப்படை அமைப்புகள்) ரெய்டு நிலையிலிருந்து ஏஹெச்சிஐ நிலைக்கு (இரண்டும் வட்டைக் கையாளும் முறைகள்) மாற்றும்படி ஒரு வரி கிடைத்தது. காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

அப்படியே மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும் என்பதால் தயங்குகிறேன். கணக்கு மென்பொருள் அதில்தான் இருக்கிறது. பழுதானால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (அத்தியாவசிய இயக்கிகளுடன் மட்டும்) திறக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் ஏஹெச்சிஐக்கு மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தபின் வழக்கமான நிலைக்குத் திரும்பலாம் என்கிறார்கள். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், கட்டளைகளின் வரிசையைத் தெரிவிக்க வேண்டுகிறேன். வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் அதை முன்கூட்டியே இடைநிறுத்தினால் போதுமா, முழுவதும் நீக்கிவிட வேண்டுமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.