மறு: ரோமானிய மித்ராஸைப் பின்பற்றியோருக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

ரோமானியப் பேரரசில் மறைச்சடங்குகளோடு வழிபடப்பட்ட மித்ராஸ் என்ற தெய்வத்தைப் பின்பற்றியோரை ‘மித்ராஸ் மதத்தினர்’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை ஐயா. மதத்தினர் என்றதும் மற்றத் தெய்வங்களை விட்டு விலகியவர்கள் என்றுதான் வாசகர் கொள்வார். ரோமில் கி.பி. 384-இல் இறந்த பிரிடெக்ஸ்டாடஸ் என்ற ரோமானியப் பிரபுவின் நினைவுக் கல்வெட்டு அவரை மித்ராஸ் வழிபாட்டின் ‘தந்தையரின் தந்தை’ என்கிறது. அதே கல்வெட்டில் அவர் அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் பூசகர், சூரியனின் பூசகர், கிரேக்க நாட்டு எலூசிஸ் மறைச்சடங்கில் தீக்கை பெற்றவர்.

‘அடியார்’ அழகான சொல்தான். ஆனால் இது யாரும் வந்து கும்பிடும் வழிபாடு அன்று. தீக்கை பெற்ற ஆண்கள் மட்டுமே, காக்கை தொடங்கித் தந்தை வரை ஏழு படிகள். ரோமின் துறைமுக நகரான ஒஸ்தியாவில், ‘குகை’ எனப்பட்ட அவர்களது வழிபாட்டிடம் ஒன்றின் தரையில் ஏழுக்கும் உரிய சின்னங்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். படைவீரர், சுங்கத்துறை அடிமைகள், விடுதலை பெற்றோர் எனப் பலரும் இருபுறத் திண்ணைகளில் சாய்ந்து ஒன்றாக உண்டார்கள். பெரும்பாலான குகைகளில் சில பத்துப் பேருக்கே இடம். பிரிட்டனில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரோரம் முதல் யூப்ரடீஸ் ஆற்றங்கரையின் டூரா யூரோப்பஸ் நகரம் வரை இதே அமைப்புத்தான். இவற்றையெல்லாம் ஆண்ட தலைமைப் பீடம் ஒன்று இருந்ததற்குத் தடயம் இல்லை. ஆகவே ‘மித்ராஸ் குழாத்தார்’ என்பது என் பரிந்துரை. ‘சபை’ வேண்டாம், அதில் கிறிஸ்தவச் சாயல் ஏறிவிட்டது.

அவர்கள் தங்களையே அழைத்துக்கொண்ட பெயர் ஒன்றும் உண்டு: சின்டெக்சி, வலக்கை பற்றி இணைந்தவர்கள். ‘வலங்கையர்’ என்று எழுதக் கை துடிக்கும். நம் வரலாற்றில் வலங்கை, இடங்கைப் பிரிவுகள் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. ‘கைகலந்தோர்’ என்றால் அடிதடி! ‘கைகோத்தார்’ பொருந்தும்.

வழிபாட்டிடத்துக்கு ‘மித்ராஸ் குகை’ போதும். இயற்கைக் குகையாக இல்லாமல் கட்டியெழுப்பிய இடங்களையும், லண்டனில் 1954-இல் வெளிப்பட்டது போன்றவற்றையும், அப்படியே சொல்லலாம். கல்வெட்டுகளிலேயே ‘குகை’ என்றுதான் பல இடங்களில் வருகிறது.

ஈற்று ‘ஸ்’ஸை நீக்கி ‘மித்திரர்’ ஆக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நண்பர் என்ற பொருள் குறுக்கிடும். வேத மித்திரன், பாரசீக மித்ரா ஆகியோரோடு இவருக்கு எவ்வளவு தொடர்ச்சி என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. அதைக் கலைச்சொல்லே தீர்த்துவைத்துவிடக் கூடாது.

அன்புடன்