ஹார்ட்விக் மாளிகை: வெளியே கண்ணாடி, உள்ளே இருட்டு – உங்கள் அனுபவங்கள்

கற்படி

இங்கிலாந்தில் டெர்பிஷயரின் ஹார்ட்விக் மாளிகையை இங்குள்ளோர் அறிவீர்கள் என்பதால், அதைக் கட்டிய பெஸ் (எலிசபெத்) சீமாட்டியின் நான்கு திருமணங்களையும் ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்ற சொலவடையையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு பிற்பகல் மேற்கு முகப்பின் எதிரே நின்றபோது, சாய்ந்த வெயிலில் அத்தனை சன்னல்களும் ஒருசேரப் பற்றியெரிவதுபோல் இருந்தன. கோபுரங்களின் உச்சியில் கல்லில் செதுக்கிய ‘ஈ.எஸ்.’ (எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அதாவது பெஸ்) என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு சன்னலைக் குறித்துக்கொண்டு, உள்ளே சென்றதும் அதன் வழியாக வெளியே பார்ப்பது என்று தீர்மானித்தேன். மூன்று தளங்களிலும் தேடியும் அது அகப்படவில்லை. கடைசியில் கேட்டபோது, அங்கிருந்த தன்னார்வலர், சில சன்னல்களுக்குப் பின்னால் அறையே கிடையாது என்றும், கண்ணாடியை ஒட்டிப் புகைபோக்கி செல்கிறது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். 1597இல் ஒரு மூதாட்டி விரித்த வலையில் நான் விழுந்துவிட்டேன் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

மழைத்தாழ்வாரம்

வலை என்று சொல்வது நியாயமன்று. உட்புறம் எப்படி இருந்தாலும் வெளிமுகம் இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே இம்மாளிகையின் வரைபடத்தை வகுத்தவராகக் கருதப்படும் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சனின் நோக்கம். பெரும்பாலான கணப்படுப்புகளை வீட்டின் நடுவே முதுகெலும்புபோல் ஓடும் சுவரில் அமைத்ததால்தான் வெளிச்சுவர்களைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. சில இடங்களில் ஒத்திசைவு கெடாதிருக்கப் பொய்ச் சன்னல் தேவைப்பட்டது. எனக்கு வியப்பளித்தது வேறு. அக்கால ஆங்கில வீடுகளில் பெருங்கூடத்தின் ஒரு மூலையில் நுழைவதே வழக்கம். இங்கோ வாயிலைத் தாண்டியதும் கூடம் வீட்டின் நடு அச்சில் நேராக உள்நோக்கி நீள்கிறது. எங்கே நிற்பது என்று தெரியாமல், வேலை கேட்டு வந்தவனைப்போல் நடுவில் நின்றுவிட்டேன். அந்தக் கூச்சத்தை உண்டாக்கத்தான் அப்படிக் கட்டினார்களோ என்னவோ.

நூற்கண்டு

சன்னலை விடுங்கள், எனக்கு உறுத்துவது ஒரு மான். நெடுங்கூடத்தில் தொங்கும், விவிலிய வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் சித்திரத் திரைகள் பதின்மூன்றும் முதலில் முதலாம் எலிசபெத் அரசியின் அமைச்சர் சர் கிறிஸ்டோபர் ஹட்டனுக்காக நெய்யப்பட்டவை. அவர் இறந்தபின் பெஸ் அவற்றை வாங்கினார். ஹட்டனின் குலச்சின்னங்களை மாற்றும் செலவுக்காக விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டார். ஹட்டனின் சின்னமான பெண்மானுக்குக் கிளைக்கொம்பு வரைந்ததும் அது பெஸ்ஸின் இரண்டாம் கணவர் வழியான கேவண்டிஷ் குடும்பத்தின் ஆண்மானாகிவிட்டது. அந்த ஒட்டுக்கொம்பைப் பார்த்த கணத்தில், அவ்வளவு பெரிய மாளிகையில் முதன்முறையாக ஒரு மனிதரின் கையைப் பார்த்ததாகத் தோன்றியது. ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள அத்திரைகளைச் சீர்செய்யும் பணி 1999இல் தொடங்கி 2023இல்தான் முடிந்தது என்பதையும், கொம்பு இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன்.

கோரைப்பாய்

நான் ஒருமுறைதான் போனேன், இருட்டாக இருந்தது, ஏமாற்றத்துடன் திரும்பினேன். என் கதை இவ்வளவே. ஆனால் இனிச் செல்வோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பழைய நூலையும் சாயத்தையும் ஒளி தின்றுவிடும் என்பதால், இத்தகைய துணிகள் உள்ள அறைகளில் வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) என்ற மங்கலான அளவில் கட்டுப்படுத்தவே சன்னல் திரைகளை இறக்கிவைக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை. வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன் எதையும் பார்க்க முயலாதீர்கள். பத்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று கண்ணைப் பழக்குங்கள். கல் படிக்கட்டில் விரைந்து ஏறாதீர்கள். தளத்துக்குத் தளம் கூரை உயர்ந்துகொண்டே போவதையும், உச்சித் தளத்தில்தான் விருந்தினருக்கான சிறப்பறைகள் இருப்பதையும் கால் உணர வேண்டும். மேல்தளப் பெருங்கூடத்தில் முதலில் மேசையையும் நாற்காலியையும் பார்ப்பது பெரும்பிழை. கிரேக்கக் காவிய வீரன் யுலிஸிஸின் கதைத் திரைகளுக்கு மேலே சுற்றிலும் ஓடும் வண்ணச் சுதை வேலைப்பாட்டை, ரோமானியரின் வேட்டைத் தெய்வமான டயானா தேவி வேடுவப் பெண்களுடன் காட்டில் அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கி, சுவர் சுவராகப் பாருங்கள். சிறிய தொலைநோக்கி இருந்தால் நல்லது. கழுத்து வலி உள்ளவர்கள் அடிக்கடி உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் பழைய நாற்காலிகளில் அன்று. அருகில் கூரையிழந்து நிற்கும் பழைய மாளிகையையும் தவறவிடாதீர்கள். அதையும் கட்டியவர் பெஸ்தான்.

கற்படி

கோரைப்பாய் அவர்களே, நான் இங்கே சுற்றிப் பார்க்க அறிவுரை எதுவும் கேட்கவில்லை. மழைத்தாழ்வாரம் சொல்லும் ஒத்திசைவும் எனக்கு விளங்குகிறது. இருப்பினும் சொந்தச் சுரங்கத்து நிலக்கரியும் சொந்தக் கண்ணாடிச் சூளையும் வைத்திருந்த ஒருவர், யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்துக்கும் கண்ணாடி போட்டார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. நூற்கண்டு அவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த மான் கூடத்தின் எந்த முனையில் இருக்கிறது? சன்னலைத் தேடிய அவசரத்தில் நான் திரைகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.