சராசரியை நம்பி ஏறியவர்கள் வரவும்

மெதுவண்டி:
9 கி.மீ. மலை ஏற்றம், சராசரி சரிவு 6 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரம். இவ்வளவு பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் கிளம்பினேன். நடுவில் 2 கி.மீ. இறக்கம் வேறு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்று சந்தோஷம். அந்த இறக்கத்தில் போகும் 60 மீட்டரையும் மீதி 7 கிலோமீட்டரில்தான் ஏற வேண்டும் என்று கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் 9 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கும். கடைசிக் கிலோமீட்டர் 16. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று மிதித்தேன், பின்சக்கரம் ஈர இலையில் சுற்றியது. ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட்டிலிருந்து கால் வரவில்லை. வண்டி ஒரு நொடி அசையாமல் நின்றது, அப்புறம் வெட்டிய வாழை மாதிரி சாய்ந்தேன். பின்னால் வந்த லாரி ஹாரன்கூட அடிக்காமல் காத்திருந்தது. அந்த அமைதிதான் இன்னும் உறுத்துகிறது.

தூரப்பார்வை:
எனக்கு நேர்மாறு. உயர வரைபடத்தில் ஓரிடத்தில் 28 சதவீதம், முள் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. பயந்துபோய் 20 கி.மீ. சுற்றுப்பாதை போட்டேன். உச்சியில் ஒருவரிடம் சொன்னால் சிரிக்கிறார்: “அது சுரங்கப்பாதை ஆயிற்றே!” சாலை உள்ளே சமமாகப் போகிறது, செயலி தலைக்கு மேலிருக்கும் மலையின் உயரத்தை எடுத்திருக்கிறது. 20 கிலோமீட்டர்!

பல்சக்கரம்:
மெதுவண்டி, இலையைக் குறை சொல்லாதீர்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல்தானே? முன்னால் 34 என்றால், மணிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் வரும். பின்னாலும் 34 போட்டால் அதே வேகத்துக்கு 60. உட்கார்ந்தே ஏறலாம், பின்சக்கரத்தில் எடை இருக்கும், வழுக்காது. (செயினைப் பல் மாற்றும் டிரெய்லியர் அந்தப் பல்சக்கரத்தைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், செயின் நீளமும் மாறும்.) பாதை போடும்போது சராசரியைத் தொடவே கூடாது. 500 மீட்டர் துண்டுகளாக வெட்டி, 12 சதவீதம் தாண்டும் துண்டுகளை மட்டும் சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டுங்கள். ஸ்பெயினின் ஆங்லிரு ஏற்றத்துக்கும் சராசரி 10 சதவீதம்தான். முதல் பாதி சாதுவாக இருக்கும், கடைசி 6 கிலோமீட்டரில் 23 சதவீதம் தாண்டும் இடமே உண்டு. என் அனுபவமா? ஒருமுறை பாதி மலையை நடந்து ஏறினேன், அவ்வளவுதான்.

மெதுவண்டி:
பின்னால் 32. இலை இலைதான்.

இறக்கப்பிரியன்:
இறங்குவதை யாருமே திட்டமிடுவதில்லையா? நான் மிதமான பக்கம் ஏறி, செங்குத்தான பக்கம் இறங்கினேன். சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் முன் டியூப் பட்டென்று வெடித்தது. எப்படியோ நிறுத்திவிட்டு ரிம்மைத் தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. இப்போதெல்லாம் பாதையைத் திருப்பித்தான் போடுகிறேன்.
தூரப்பார்வை, ஒரு சந்தேகம். அந்தச் சுரங்கத்துக்குள் சைக்கிளை விடுவார்களா?

தூரப்பார்வை:
இப்போதுதான் பார்த்தேன். விடமாட்டார்களாம்.