மறு: தேடுதுணை வேண்டாம், அடங்கல் போதும்

குழுவினருக்கு வணக்கம். ஆவணக் காப்பகங்களில் ஒரு தொகுப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று விவரிக்கும் 'ஃபைண்டிங் எய்டு' (finding aid) என்பதற்குத் தமிழில் 'தேடுதுணை' என்று வைக்கலாமா என்ற நம் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> நூற்பட்டியல் என்ற சொல் இருக்கும்போது ஃபைண்டிங் எய்டுக்குத் தனிச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான் ஐயா. ஆனால் நூற்பட்டியலில் ஒரு நூலுக்கு ஒரு பதிவு. ஆவணத் தொகுப்பில் அப்படியில்லை. ஒரு ஆளோ அலுவலகமோ விட்டுப்போன காகிதங்களை ஒரே தொகுப்பாக வைத்து, அதற்குள் வரிசை, வரிசைக்குள் பெட்டி, பெட்டிக்குள் கோப்பு என்று இறங்கிப் போவார்கள். பெரும்பாலும் கோப்போடு விவரம் நின்றுவிடும். கடிதம் கடிதமாகப் பதிவு இருக்காது. இந்த விவரத்தைத்தான் ஃபைண்டிங் எய்டு என்கிறார்கள்.

> அப்படியானால் தேடுதுணை?

இங்கேதான் நான் முரண்டு பிடிக்கிறேன். தேடுபொறி நிலைத்துவிட்ட பிறகு, 'தேடு' என்று தொடங்கினாலே சொல்லைத் தட்டினால் விடை வந்து விழும் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் நகரிப் பக்கத்து ஏரிப் பாசனத் தகராறு ஒன்றுக்காக, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இணையத் தேடலில் 'சித்தூர் மாவட்டம்' என்று மூன்று நாள் தட்டினேன். 1911க்கு முன்னால் ஒன்றுமே வரவில்லை. மாவட்டமே அந்த ஆண்டில்தான் பிறந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்கு முன் நாங்கள் வடஆர்க்காடு மாவட்டம். (அதற்கும் தலைமையிடம் சித்தூர் ஊர்தான், அது வேறு வேடிக்கை.) காகிதம் எந்த ஊரைப் பற்றியது என்பதைவிட, எந்த அலுவலகத்தில் உண்டானது என்பதை வைத்தே அடுக்குகிறார்கள். திருத்தணிக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. 1960 வரை அவர்களும் சித்தூர்க் கணக்கில் இருந்தவர்கள். தொகுப்பின் விவரத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் தேடவேண்டும்.

அதனால் என் பரிந்துரை: ஆவண அடங்கல்.

> அடங்கல் வருவாய்த்துறைச் சொல். குழப்பம் வரும்.

குழப்பம் வராது, பொருத்தம்தான் வரும். ஊர்க் கணக்கரான கர்ணம் வைத்திருந்த அடங்கலில் என்ன இருந்தது? சர்வே எண் வாரியாக எவ்வளவு நிலம், யார் சாகுபடி, என்ன பயிர். பெட்டி எண் வாரியாக என்ன காகிதம், யார் எழுதியது, எந்த ஆண்டு என்பதும் அதே வேலைதானே. எல்லைக்கு இந்தப் பக்கம் தெலுங்கிலும் அடங்கல்தான், அந்தப் பக்கம் தமிழிலும் அடங்கல்தான். இருவருக்கும் விளக்கவே வேண்டாம். தேவாரத் தொகுப்பை 'அடங்கன்முறை' என்று சொல்லும் பழக்கத்திலும் இதே சொல்தான் இருக்கிறது. முன்னால் 'ஆவண' இருக்கும்போது பட்டா வாங்க வந்தவர் யாரும் நூலக வரிசையில் போய் நிற்கமாட்டார்.

இன்னொரு வசதி, சொல் கிளைக்கிறது: பெட்டி அடங்கல், கோப்பு அடங்கல், இணைய அடங்கல். தேடுதுணையை வைத்துக்கொண்டு 'பெட்டித் தேடுதுணை' என்று சொல்லிப் பாருங்கள், எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

எனக்குத் தமிழ்ச் சொல் மாட்டாமல் நிற்பது ப்ரொவெனன்ஸ் (provenance). காகிதம் யாரிடம் உண்டாகி யார் யார் கைமாறி வந்தது என்பது அதன் பொருள். 'தோற்றுவாய்' பாதியைத்தான் சொல்கிறது, கைமாறியது விட்டுப்போகிறது. 'வந்தவழி' என்று வைத்துப் பார்த்தேன். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, படிவத்தில் தலைப்பாகப் போட்டால் கொஞ்சம் கொச்சையாகத் தெரிகிறது. பாலக்காட்டு அம்மா, உங்கள் பக்கம் இதற்குப் புழக்கத்தில் ஏதாவது சொல் உண்டா?

நகரியிலிருந்து,
உங்கள் நண்பன்